அந்தத் தடிப்பும் இந்தத் தடிப்பும் ஒன்றல்ல

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, எடை 24 கிலோ. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறால் தொக்கு சாப்பிட்ட 20 நிமிடத்தில் உதடு வீங்கி, வயிறு, முதுகு எல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்துவிட்டது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், ராத்திரிக்குள் அடங்கியது. இரண்டு வாரம் கழித்து, சளியும் காய்ச்சலுமாக இருந்தபோது மறுபடி தடித்தது. மூன்று நாள் வருவதும் போவதுமாக இருந்தது. அப்போது இறால் சாப்பிடவில்லை. ரத்தப் பரிசோதனையில் அரிசி, பால், முட்டை, நிலக்கடலை, இறால், கரப்பான் பூச்சி என்று 9 பொருளுக்கு ‘பாசிட்டிவ்’. மாமியார் கத்தரிக்காய், கருவாட்டையும் நிறுத்தச் சொல்கிறார். இப்போது வெறும் இட்லியும் ரசம் சோறும்தான். பிள்ளை இளைத்துப் போய்விட்டான். எதைத்தான் கொடுப்பது?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: நிறுத்த வேண்டியது இறால், நண்டு வகை மட்டும்தான் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. மற்றவற்றை நிறுத்தி ஒரு மாதம் ஆகிவிட்டது. வளரும் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

உணவு ஒவ்வாமைத் தடிப்பைக் கண்டுபிடிக்க, கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வாத பொருள் உள்ளே போன சில நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தடிப்பு வந்துவிடும். அதே பொருளைத் திரும்பச் சாப்பிடாவிட்டால் அன்றைக்கோ மறுநாளோ ஓய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நடந்தது இந்தக் கணக்கில் அப்படியே பொருந்துகிறது. காய்ச்சலோடு வந்து மூன்று நாள் நீடித்தது பொருந்தவில்லை. குழந்தைகளுக்குத் திடீரென வரும் காணாக்கடிக்கு (அரிப்போடு வந்து மறையும் தோல் தடிப்பு) அதிகமாகக் காணப்படும் காரணம் வைரஸ் தொற்றுதான். அந்த வாரம் அவன் என்ன சாப்பிட்டான் என்று தேடியிருந்தால் பாவம் ஏதாவது ஒரு காய்கறி மாட்டியிருக்கும்.

தடிப்பையும் கிட்டத்தில் பாருங்கள். காணாக்கடி என்றால் கொசு கடித்ததுபோல மேடிட்டு, நடுவில் வெளிறி, ஓரம் சிவந்திருக்கும். விரலால் அழுத்தினால் சிவப்பு மறையும். பால்பாயின்ட் பேனாவால் ஒரு திட்டைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதிவையுங்கள். 24 மணி நேரத்துக்குள் அந்த இடம் சுவடில்லாமல் மறைந்து, வேறு இடத்தில் புதிதாகக் கிளம்பினால் அது காணாக்கடி. ஒரே இடத்தில் நின்று, வலித்து, கன்றிய தழும்பு விட்டால் அது வேறு நோய், தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சொரசொரவென்று மாதக்கணக்கில் இருப்பது கரப்பான் என்ற தோல் நோய் (எக்ஸிமா). ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் வைத்து அதற்குக் காரணம் சொல்ல முடியாது.

இனி அந்த ரிப்போர்ட். அரிசிக்குப் பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறது. அவன் தினமும் இட்லி சாப்பிடுகிறான், தடிப்பு வருகிறதா? இல்லையே. ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது வேறு, சாப்பிட்டால் உடம்பு முரண்டுவது வேறு. சாப்பிட்டபின் என்ன நடந்தது என்ற விவரம் இல்லாமல் மொத்தமாக எடுக்கும் பரிசோதனை இப்படித்தான் வீட்டைக் குழப்பிவிடும். கரப்பான் பூச்சி பாசிட்டிவ் ஆனதற்கும் காரணம் உண்டு: இறாலில் ஒவ்வாமையை உண்டாக்கும் ‘ட்ரோபோமயோசின்’ என்ற புரதத்தின் சாயலில் ஒன்று கரப்பான் பூச்சியிலும் தூசிப் பூச்சியிலும் இருக்கிறது.

அந்தப் புரதம் கொதிக்க வைத்தாலும் அழியாது. ‘நன்றாக வேகவைத்துக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நண்டிலும் சிங்கி இறாலிலும் அதே வகைப் புரதம் இருப்பதால் அவையும் வேண்டாம். கணவாயும் சிப்பியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மருத்துவரைக் கேட்கும்வரை தள்ளிவையுங்கள். மீனின் புரதம் வேறு. இதுவரை மீன் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கடையில் இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனையும் பொரிப்பார்கள். அங்கே வேண்டாம், வீட்டில் பொரியுங்கள். குழம்பில் ருசிக்காகச் சேர்க்கும் கூனிப் பொடியையும் மறக்காதீர்கள், அதுவும் இறால்தான். பாக்கெட் உணவில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அந்த வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மீன் சாப்பிட்டு வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்து தலை வலித்தால் அது ஒவ்வாமை இல்லை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களை ஐஸில் சரியாக வைக்காவிட்டால் பாக்டீரியா அதில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது போகாது. சேனைக்கிழங்கு நாக்கில் அரிப்பதும் ஒவ்வாமை இல்லை. அதிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் குத்துவதால் வருவது.

மறுபடி தடித்தால் என்ன செய்வது? தோலில் மட்டும் இருந்தால் செட்ரிசின் சிரப் 5 மில்லிகிராம் போதும். பாட்டிலில் 5 மில்லிக்கு 5 மில்லிகிராம் என்று இருந்தால் 5 மில்லி. வேலை செய்ய ஒரு மணி நேரம் வரை ஆகும். அதுவரை ஈரத்துணியால் ஒற்றுங்கள். வெந்நீர் ஊற்றினால் அரிப்பு கூடும். இபுப்ரோஃபென் கலந்த காய்ச்சல், வலி மருந்துகள் தடிப்பைக் கிளப்பிவிடலாம், அதனால் பாரசிட்டமால் கொடுங்கள். கடையில் ‘அலர்ஜி செட்’ என்று பெயர் தெரியாத மாத்திரைகளை மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும்.

அன்று உதடு வீங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். குரல் கம்முவது, விடாத இருமல், மூச்சில் விசில் சத்தம், நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, துவண்டு மயங்குவது: இதில் ஒன்று இருந்தாலும் செட்ரிசினைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே 108. சில சமயம் தோலில் ஒன்றுமே தெரியாமலும் இந்தக் கடுமையான ஒவ்வாமை வரும். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். உயிரைக் காப்பது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது உங்கள் பிள்ளைக்கு ஏறக்குறைய 0.24 மில்லிகிராம். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் ‘இறால் அலர்ஜி, எடை 24 கிலோ’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சரியானதுபோல் தெரிந்தாலும் சில மணி நேரம் அங்கேயே இருங்கள், மறுபடி கிளம்புவது உண்டு.

ஒவ்வாமை மருத்துவரிடம் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். 15 நிமிடத்தில் முடிவு தெரியும். அதற்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசினை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வாமை இருந்தாலும் தடிக்காது. வீட்டில் ‘ஒரே ஒரு இறால்’ கொடுத்துப் பார்க்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

முட்டை, பால், நிலக்கடலை, கத்தரிக்காய், மீன் கருவாடு எல்லாம் போன மாதம் வரை தொந்தரவில்லாமல் சாப்பிட்டவைதானே? அவனுக்குக் கரப்பான் இல்லை என்றால் முட்டையிலிருந்து ஆரம்பியுங்கள், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுங்கள். கரப்பான் இருந்தால் அந்தப் பட்டியலோடு முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நிறுத்திவைத்த உணவைத் திரும்பத் தொடங்கும்போது அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் புதிதாக ஒவ்வாமை வரக்கூடும்.