பொய் ஜோடிக்கு வாடகை வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'ஸ்பேஸ்டு' என்ற பிரிட்டிஷ் தொடரைப் பார்த்துவிட்டு, மண்டபம் ஊரில் நடப்பதுபோல 30 நிமிட நாடகம் எழுதுகிறோம். சோம்பேறி, சிடுமூஞ்சி, பீற்றல் பேர்வழி என்று ஏழு பாத்திரங்கள். மூன்றாம் காட்சியிலேயே சிரிப்பு வற்றிவிடுகிறதே?
- கல்லூரி நாடகக் குழு, கீழக்கரை

பதில்: வகை பிரித்தது தப்பில்லை, அதோடு நின்றதுதான் தப்பு. சிடுமூஞ்சி மூன்றாம் காட்சியிலும் அதே மாதிரி எரிந்து விழுந்தால் முன்வரிசை செல்போனை எடுத்துவிடும்.

1999 முதல் 2001 வரை சேனல் 4-இல் 14 பகுதிகளாக வந்த தொடர் அது. 'தம்பதிக்கு மட்டும்' என்ற வாடகை விளம்பரத்தைப் பார்த்து, அறிமுகமாகிக் கொஞ்ச நாளே ஆன டிம்மும் டெய்சியும் ஜோடி என்று பொய் சொல்லிக் குடியேறுகிறார்கள். இது வெளியில் தெரிகிற பொய். ஆளுக்கொரு உள்பொய்யும் இருக்கிறது. டெய்சி எழுத்தாளராம், எழுத உட்காராமலிருக்க எந்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வாள். டிம்மின் நண்பன் மைக் எந்நேரமும் ராணுவ உடுப்பில் திரிவான். விழித்திரைக் கோளாறால் ராணுவத்தில் சேர முடியாதவன். டெய்சியின் தோழி ட்விஸ்ட் 'ஃபேஷன் துறை' என்பாள். இருப்பது சலவைக் கடையில்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'சொல்லிக்கொள்வது', 'செய்வது' என இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த ஆளை வெட்டிவிடலாம். உதாரணமாக, நாலு வருஷமாக 'அடுத்த மாசம் துபாய்' என்கிற அண்ணன்: பெட்டி கட்டியாச்சு, பாஸ்போர்ட்டுக்கு மட்டும் மனுப் போடவில்லை. அந்தப் பெட்டி முதல் காட்சியிலிருந்தே மேடையில் கிடக்கட்டும்.

அரைமணி நேரத்துக்கு ஏழு பேர் அதிகம். ஜோடி, வீட்டுக்காரம்மா, கீழ்வீட்டுக்காரர், உண்மை தெரிந்த ஒரு நண்பன், ஐந்து போதும். நண்பனை மட்டும் வெட்டாதீர்கள். அவன் இல்லாவிட்டால் ஜோடி மனதிலிருப்பதைப் பார்வையாளரைப் பார்த்துப் புலம்ப வேண்டிவரும்.

கேள்வி: வீட்டுக்காரம்மாவை வில்லியாக்கலாமா?
- வாசகி, தொண்டி

பதில்: வேண்டாம். வில்லி என்றால் பொய் வெளிப்பட்டதும் 'காலி பண்ணு' என்பார், கதை முடிந்தது. ஸ்பேஸ்டின் மார்ஷா மது வாடையோடு தனிமையில் வாடுகிறவர், ஜோடி மேல் பாசம் வைக்கிறார். ஏமாற்றுவது அதனால்தான் உறுத்துகிறது. வீட்டுக்காரர் பாத்திரத்தைக் குறைவாக எடைபோடாதீர்கள். 1973-இல் தொடங்கிய 'மேன் அபௌட் த ஹவுஸ்' தொடரின் வீட்டுக்காரத் தம்பதிக்கு 1976-இல் தனித்தொடரே கிடைத்தது.

அவர் அடிக்கடி உள்ளே வர ஒரு சாக்கு வேண்டும். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமா? நல்ல தண்ணிக் குழாய் மாடி வீட்டு அடுப்படியில் இருந்தால் போதும், குடத்தோடு எப்போது வேண்டுமானாலும் வருவார்.

கேள்வி: கதை எந்த மாதத்தில் நடக்கலாம்?
- வாசகர், பாம்பன்

பதில்: மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கீழ்வீட்டுக்காரர் பகலெல்லாம் திண்ணையிலேயே இருப்பார், ஜோடிக்கு நடிப்பை நிறுத்த நேரமே கிடைக்காது. ஆனால் அவர் விசைப்படகில் போகிறவராக இருக்கட்டும். நாட்டுப்படகுக்குத் தடையில்லை, மாற்றி எழுதினால் பாம்பனில் முதல் வரிசையே எழுந்து கேட்கும்.