திருகோணமலையில் இருந்துகொண்டு, தொலைகாட்டி இல்லாமல், மாணவர்கள் சூரியனைப் பற்றி ஆய்வு செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்த பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இதுதான். தொலைகாட்டி வாங்கக் காசு சேர்ப்பதை விட்டுவிட்டு ஒரு வானொலி ரிசீவர் செய்யுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

நம் ஊர் மாரிகாலத்தை நினைத்துப் பாருங்கள். 2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணத்தின் பாதை திருகோணமலைக்கு மேலாகவே போனது. ஆனால் அந்த மாதத்தில் எதைப் பார்ப்பதென்றாலும் மேகம் இடம் விட வேண்டும். வானொலி அலைக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை.

விஷயம் இதுதான். சூரியனில் ஒரு தீக்கொழுந்து வெடித்தால் அதன் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடங்களில் இங்கே வந்து, 60 முதல் 90 கி.மீ. உயரத்தில், மேல் வளிமண்டலத்தின் மின்னேற்றப்பட்ட அடுக்கான அயன்மண்டலத்தின் அடிப்பகுதியில் இலத்திரன்களைச் சட்டென்று கூட்டிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் வானொலி அலைகள் அந்த அடுக்கில் பட்டுத் தெறித்துத்தான் தூரம் போகின்றன. அதனால் அடுக்கு மாறினால் அலையின் வலிமையும் மாறும். நமக்கு வாய்ப்பான நிலையம் மேற்கு ஆஸ்திரேலியாவின் என்.டபிள்யூ.சி. நீர்மூழ்கிகளுக்காக 19.8 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அங்கிருந்து நமக்குக் கிட்டத்தட்ட 5,000 கி.மீ., வழி ஏறக்குறைய முழுக்கக் கடல். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்திலும் இப்படி ஒரு நிலையம் உண்டு, ஆனால் அது மிகவும் கிட்ட. அயன்மண்டலத்தில் படாமல் தரையோடு நேராக வரும் அலையும் கலந்துவிடும் என்பதால் நான் ஆஸ்திரேலியாவைத்தான் எடுப்பேன்.

ஒரு மீற்றர் சதுர மரச்சட்டத்தில், மோட்டர் வைண்டிங் கடையில் கிடைக்கும் எனாமல் செப்புக் கம்பியைப் பல சுற்றுச் சுற்றினால் அன்ரனா தயார். சட்டத்தின் விளிம்பு தென்கிழக்கைப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு சின்னப் பெருக்கி, ஒரு யுஎஸ்பி ஒலி அட்டை, பழைய லாப்டொப். செக்கனுக்கு 48,000 தடவை அளக்கும் அட்டை 24 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும், அதுவே போதும். உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் தொடங்கும். போன் சார்ஜர், எல்ஈடி பல்ப், பக்கத்து வீட்டு இன்வேர்ட்டர் எல்லாமே திரையில் கோடு கோடாக வந்து நிற்கும். கரண்ட் போன நேரத்தில் லாப்டொப்பை பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள். இரைச்சல் பொத்தென்று விழுந்து, 19.8இல் அந்த ஒரு கோடு மட்டும் தெளிவாக நிற்கும். எது சூரியன், எது நம் வீடு என்று பிரிக்கப் பழகுவதுதான் கருவியியல். விண்கலத்தில் கருவி வைப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

பகலில் ஒரு நல்ல வெடிப்பு வந்தால், வரைபில் சுறாவின் முதுகுச் செட்டை போல ஒரு வடிவம் வரும். சடாரென்று ஏறி மெதுவாக இறங்கும். சில பாதைகளில் அது தலைகீழாகவும் வரலாம், பயப்பட வேண்டாம். வலிமை அப்படியே பூச்சியத்துக்குப் போனால் அது சூரியன் அல்ல, நிலையத்தை நிறுத்தியிருப்பார்கள்.

சரி, இதில் ஆய்வு எங்கே? அமெரிக்காவின் கோஸ் செய்மதிகளின் எக்ஸ் கதிர் அளவுகள் இணையத்தில் இலவசம். எக்ஸ் கதிர் உச்சத்துக்கும் உங்கள் வரைபின் உச்சத்துக்கும் இடையே சில நிமிடத் தாமதம் இருக்கும். இதை அயன்மண்டலத்தின் மந்தம் என்று பிரித்தானியப் பௌதிகவியலாளர் அப்பிள்டன் 1953இல் எழுதினார். இலத்திரன்கள் எவ்வளவு வேகமாக மீண்டும் சேர்கின்றன என்பதை அந்தத் தாமதத்திலிருந்து கணிக்கலாம். சின்ன வெடிப்புக்கும் பெரிய வெடிப்புக்கும் தாமதம் ஒன்றா, காலைக்கும் உச்சிக்கும் வேறா? உங்கள் சொந்த அளவீட்டை வைத்தே பதில் தேடக்கூடிய கேள்விகள் இவை.

மாணவர் வேலைதானே என்று யாராவது சொன்னால் மின்எக்ஸ்எஸ்எஸ் செய்மதியைக் காட்டுங்கள். கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் பங்கெடுத்துக் கட்டிய அது, பாண் றாத்தல் அளவே இருந்தும் 2016இல் விண்ணிலிருந்து சூரியனின் எக்ஸ் கதிர்களை அளந்தது. அதன் கண்டறிகருவி சந்தையில் விற்கும் ஒன்றுதான்.

இந்தியா 1963இல் முதல் ரொக்கெட்டை ஏவிய கேரளத்தின் தும்பாவும் திருகோணமலையும் கிட்டத்தட்ட ஒரே அகலாங்கு. பூமியின் காந்த நடுக்கோடு பக்கத்தில் போவதால்தான் தும்பாவைத் தெரிவு செய்தார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே பகலில் அயன்மண்டலத்தில் ஒரு மின்னோட்டம் ஓடும், அதைத் தரையிலிருந்தே காந்தப்புல மாற்றமாக அளக்கலாம். அந்த வாய்ப்பு நமக்கும் உண்டு. உணர்திறன் கூடிய ஒரு காந்தமானி கிடைத்தால் அடுத்த வேலையாக அதை எடுங்கள்.

ஒன்று மட்டும், குறிப்பேட்டில் நேரத்தை உலக நேரத்தில் எழுதுங்கள். கோஸ் தரவும் அதில்தான் வருகிறது, நம் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது.