மேல மழை பேஞ்சா கீழ நிக்கிறவன் ஏறணும் (வாசகர் கேள்வி பதில்)

ரெண்டு வருசத்துக்கு முந்தி தங்கச்சிட மகளோட அமெரிக்காவுல அரிசோனாவுக்குப் போய், வெள்ளம் அறுத்த ஒடுங்கின பாறை இடுக்கு, அண்டிலோப் கெனியன் பாத்துட்டு வந்து இந்தப் பக்கத்துல நாலு வரி எழுதினன், அதாலயோ என்னமோ இந்த மாசம் வந்த கடிதங்கள்ல நாலு அதப் பத்தியே வந்திரிக்கு. மத்தக் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு வைப்பம்.

கேள்வி: தங்கச்சி, எனக்கு 62 வயசு. ஆகஸ்ட்ல மகள்ட்டப் போறன், மருமகன் அண்டிலோப் கெனியனுக்குக் கூட்டிப் போறாராம். கைட் இல்லாம உள்ள விடமாட்டாங்க, ஆளுக்கு இவ்வளவு டொலர் எண்டு சொல்லுறார். நம்மட குடும்பிமலைக்கு ஆரு கைட் வச்சிப் போன? நாமளாப் போய்ப் பாத்துட்டு வர ஏலாதா? முழங்கால் நோவும் இரிக்கு. (கல்லடி வாசகி)

பதில்: ஏலா அக்கா, மருமகன் சொன்னது சரி. அது நவாஹோ எண்ட அமெரிக்கப் பூர்வீகச் சனத்திட காணி, பேஜ் எண்ட சின்ன டவுனுக்குப் பக்கத்துல இரிக்கு. 1997ல அவங்க அத தங்கட பார்க்கா ஆக்கினத்துக்குப் பிறகு கைட் இல்லாம ஒருத்தரும் உள்ள போகேலா, டூர் காசோட நவாஹோ சனத்துக்கெண்டு பெர்மிட் காசும் ஆளுக்கு ஆள் சேரும். காசக் குடுக்க மனம் நோகாதீங்க. அது அவங்கட ஆடு மேஞ்ச பூமி, அப்பர், லோவர் எண்டு ரெண்டு பக்கம் இரிக்கு, அதுல அப்பர் பக்கத்த 1931ல செம்மறி மேய்ச்ச ஒரு 12 வயசுப் புள்ள கண்டெடுத்ததெண்டு அங்க சொல்லுவாங்க. அங்கத்தப் பெரிய ஆக்கள் உள்ள போக முதல் வாசல்ல கொஞ்சம் நிண்டு மனசச் சரிப்படுத்திட்டுத்தான் கால் வைப்பாங்களாம். நாம மாமாங்கப் பிள்ளையாரடியில செருப்பக் கழட்டிட்டு ஒரு கணம் நிக்கிறமே, அதப்போல.

ஆனா கைட் வேணுமெண்டுறத்துக்குப் பெரிய காரணம் தண்ணி. 1997 ஆகஸ்ட் 12, அந்தப் பார்க் ஆன அதே வருசம், லோவர் பக்கத்துக்குள்ள டூர் வந்த சனம் நிண்டிரிக்கு, அந்த இடத்துல மழை எண்டு சொல்ல ஒண்டும் பெரிசா இல்ல, கன மைல் தள்ளி மேட்டுப் பக்கம் இடியோட கொட்டின மழை காஞ்சு கிடந்த மணல் ஆத்தால இறங்கி வந்து அந்த இடுக்குக்குள்ள பூந்திரிக்கு. 11 பேர் செத்துப் போனாங்க. அவங்களோட நிண்ட கைட் மட்டும்தான் உயிரோட வந்தார். அப்ப கைட் இருந்தும் என்ன எண்டு நீங்க கேப்பீங்க. அந்த நேரம் கீழ இறங்க மர ஏணிதான், அதையும் வெள்ளம் அள்ளிட்டுப் போயிட்டு. இப்ப இரும்புப் படிய பாறையோட சேத்து ஆணி அடிச்சிரிக்காங்க, மேல இருந்து கீழ போடுறத்துக்கு கயித்து வலை இரிக்கு, வாசல்ல வானிலை ரேடியோவும் சைரனும் இரிக்கு. கைட்டிட கண் உங்கள மட்டும் பாக்காது, பத்து மைலுக்கு அங்கால உள்ள மேகத்தையும் பாக்கும். நாமளாப் போனா அந்த மேகத்த ஆரு பாக்கிற? உள்ள நிண்டா வானம் ஒரு விரல் அகலம்தான் தெரியும்.

இத நமக்கு விளங்கப்படுத்தத் தேவையில்ல அக்கா. இங்கினியாகலயில குளத்து வான் கதவத் திறந்தா கீழ வயல்காரன் என்ன பாடு படுவான் எண்டு அம்பாறைப் பக்கம் சின்னப்புள்ளைக்கும் தெரியும், இஞ்ச வெயில் எறிச்சிட்டு இரிக்கும், மேல பேஞ்ச தண்ணி ராவோட ராவா வந்து வரம்பத் தாண்டும். 2024 நவம்பர்ல மாவடிப்பள்ளி ரோட்டால உழவு மெசின் பெட்டியில வந்த மதரசாப் புள்ளைகள வெள்ளம் இழுத்துட்டுப் போன கவலை இன்னும் நம்மட நெஞ்சுல கிடக்கு. ரோட்டுக்கு மேலால ஓடுற தண்ணி பாக்க அமைதியாத்தான் இருந்திச்சு எண்டு கண்ட ஆக்கள் சொன்னாங்களோ இல்லையோ, நமக்கே தெரியும், வெள்ளத்திட முகம் அப்பிடித்தான். நீங்க போற ஆகஸ்ட் அங்க மழைக்காலம், ஜூலையில இருந்து செப்டம்பர் மட்டும் பின்னேரத்துல சடார் எண்டு இடி மழை வரும். காலையில உள்ள நேரமாப் பாத்து புக் பண்ணச் சொல்லுங்க. அண்டைக்கு டூர் இல்ல எண்டு சொன்னா மருமகன் கோவப்படாம வந்திரணும், வெயில் எறிக்குதே எண்டு வாதாடப்படாது.

முழங்காலுக்கு வாறன். அப்பர், லோவர் ரெண்டுக்கும் தனித்தனி டிக்கெட். லோவர் நிலத்துக்குக் கீழ, செங்குத்தான இரும்புப் படியால இறங்கி ஏறணும், சில இடத்துல ஒரு பாதம் வைக்கத்தான் இடம், உங்களுக்கு அது வேணாம். அப்பர் நில மட்டத்துல, தட்டையான மணல்ல நடக்கிற, கிட்டத்தட்ட 200 மீட்டர்தான் நீளம். ஆனா ஒண்ட ஒருத்தரும் முன்னுக்குச் சொல்ல மாட்டாங்க: இப்ப ஒரு வழிப் பாதை, உள்ளால போய் அந்தப் பக்கம் வெளிக்கிட்டு, வெளியால இரும்புப் படி ஏறி இறங்கித்தான் வாகனத்துக்குத் திரும்பணும். அந்தப் படியில நிழல் இல்ல. நான் கைபிடியப் புடிச்சன், ஆகஸ்ட் வெயில்ல நம்மட தோசைக்கல்லு கெட்டது. மெல்ல ஏறுங்க, இடையில நில்லுங்க, கைட்டுட்ட முன்னுக்கே கால் நோவு எண்டு சொல்லிருங்க. டவுனுல இருந்து மணல் ஆத்தால வாகனத்துல கூட்டிப் போவாங்க, அந்தக் குலுக்கலுக்கு இடுப்பையும் கொஞ்சம் தயார் பண்ணிக்கொள்ளுங்க.

மறுகா நேரம். அரிசோனாவுல கோடை காலத்துக்கு மணிக்கூட்ட மாத்துறதில்ல, நவாஹோ காணியில மாத்துவாங்க, யூட்டா எல்லை கூப்பிடு தூரம், அங்கயும் மாத்துவாங்க. ஃபோன் எந்த டவரப் புடிக்கிதோ அந்த நேரத்தக் காட்டும். டூர் ஓடுற பேஜ் டவுன் நேரத்துக்கு. எங்கட புள்ளையிட ஃபோன் ஒரு மணித்தியாலம் கூடக் காட்டி, அடிச்சுப் புடிச்சு ஓடிப் போய் கதவு திறக்க முதல் குந்திட்டு இருந்தம். எதிர்ப்பக்கமா நடந்திருந்தா காசும் போய் கெனியனும் போயிருக்கும்.

கேள்வி: அக்கா, பாலைவனத்துல தண்ணியே இல்ல, பாறைய தண்ணி வெட்டினதெண்டா எப்பிடி நம்புற? (களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவன்)

பதில்: நல்ல கேள்வி மனே. கொஞ்சத் தண்ணிதான், ஆனா வாறது ஒரே அடியா வரும். மரம் செடி இல்ல, மண் உறிஞ்சாது, பேஞ்ச மழை அவ்வளவும் ஒரு பள்ளத்தத் தேடி ஓடும், ஓடுற தண்ணி மணலையும் கல்லையும் அள்ளிட்டு வரும், அந்த மணல்தான் அறுக்கும், தண்ணி சும்மா கொண்டு வாற கைதான். தச்சன் மட்டக் காகிதத்தால பலகை தேய்க்கிறத நினைச்சுக்க. மெல்லிய வெடிப்பு ஒண்டுல துவங்கி, ஆழம் கூடக் கூட அகலம் கூடாமலே கீழ கீழ போய், சில இடத்துல 40 மீட்டர் அளவுக்கு செவர் எழும்பி நிக்குது.

அந்தப் பாறையும் நம்மட பாறை மாதிரி இல்ல. குடும்பிமலை, குடும்பிகல எல்லாம் நெருப்புலயும் அழுத்தத்துலயும் வெந்து இறுகின கல்லு, ஒரு மழைக்கு ஒரு மயிரளவும் தேயாது. அங்க இரிக்கிற நவாஹோ மணற்கல்லு. கிட்டத்தட்ட 19 கோடி வருசத்துக்கு முந்தி, டைனோசர் காலத்துல, காத்துல குவிஞ்ச மணல் மேடு அது. நாவலடிக் கடக்கரையில காத்தடிச்சா மணல்ல வரி வரியா விழுமே, அந்த வரி கல்லாகி செவருல அப்பிடியே சாய்ஞ்சு கிடக்கு. நான் ஒரு இடத்துல விரல மெதுவா வச்சன், எடுக்கக்குள்ள விரல் நுனியில நாலஞ்சு செவத்த மணல், சீனி மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்திச்சு. தொடாதீங்க எண்டு கைட் சொன்னார், கைய எடுத்துட்டன். ஒரு நாளைக்கு எத்தின ஆயிரம் விரல் எண்டு அப்பதான் யோசிச்சன். நிறம் இரும்பால வாறது, நம்மட செங்கல்லு செவக்கிறதும் அதாலதான். வேல இன்னும் முடியல்ல எண்டுறதையும் எழுதிக்க: 2006 ஒக்டோபர் 30ல வந்த வெள்ளம் 36 மணித்தியாலம் ஓடி, லோவர் பக்கம் 5 மாசம் மூடிக் கிடந்தது.

கேள்வி: அக்கா, நான் ஜோர்தான்ல கார்மென்ட்ஸ்ல வேல. லீவுல கூட்டாளிமார் பெட்ரா எண்ட பழைய கல்லு நகரத்துக்குப் போவம் எண்டுறானுகள். அங்க உள்ள போற வழியும் இப்பிடி ஒரு இடுக்குத்தானாம். பயமில்லாமப் போகலாமா? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: போய்ட்டு வாங்க தம்பி, பக்கத்துல இருந்துட்டுப் பாக்காம வராதீங்க. அந்த இடுக்குக்கு சீக் எண்டு பேர், கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். ஒரு வித்தியாசம், அது தண்ணி மட்டும் அறுத்ததில்ல, பூமி அசைஞ்சு மலையே பிளந்தது, பிறகு தண்ணி அதத் தடவித் தடவி வழுவழுப்பாக்கினது. நபாத்தியர் எண்ட பழைய அரபுச் சனம் 2000 வருசத்துக்கு முந்தியே வாய்க்கால் வெட்டி, வாசல்ல அணை கட்டி, வெள்ளத்த மலையக் குடைஞ்ச சுரங்கத்தால வேற பக்கம் திருப்பிட்டாங்க. செவரோட ஓடுற அந்த வாய்க்கால இண்டைக்கும் பாக்கலாம், ஓடிப் போயிடாம நிண்டு பாருங்க, குளம் கட்டி வாழ்ற நம்மட சனத்துக்கு அது விளங்கும். அணை பழுதாகிக் கிடந்த காலத்துல, 1963ல, உள்ள வந்த வெள்ளத்துல பிரான்ஸ் நாட்டு டூர்காரர் 20 பேருக்கு மேல செத்தாங்க, அதுக்குப் பிறகுதான் அணையத் திரும்பக் கட்டினது. 2018 நவம்பர்லயும் வெள்ளம் வந்து கிட்டத்தட்ட 4000 பேர அவசரமா வெளியேத்தினாங்க. அங்க மழை வாறது மாரி காலத்துல. வானம் கறுத்தா அண்டைக்கு வேணாம், அடுத்த லீவுக்குப் போங்க. வெயில் நாளெண்டா விடியக் கதவு திறக்கிற நேரமே போயிருங்க, இடுக்கு முடியுற இடத்துல ரெண்டு செவருக்கும் நடுவால மலையிலயே செதுக்கின கல்லு மாளிகை கொஞ்சம் கொஞ்சமாத் தெரியும், சனம் வர முதல் அதப் பாக்கணும்.

கேள்வி: வெளிச்சம் தூண் மாதிரி இறங்குற ஃபோட்டோ எடுக்க எப்ப போகணும்? (கொக்கட்டிச்சோலை வாசகி)

பதில்: அப்பருக்குப் போங்க, மார்ச் நடுவுல இருந்து ஒக்டோபர் துவக்கம் மட்டும், உச்சி நேரத்த ஒட்டி. சூரியன் தலைக்கு மேல வந்தாத்தான் அந்த விரல் இடைவெளியால வெளிச்சம் இறங்கும், அந்த நேரத்து டிக்கெட் விலையும் கூட, முன்னுக்கே முடிஞ்சிரும். பேக், ட்ரைபொட், செல்ஃபி ஸ்டிக் ஒண்டும் கொண்டு போக விடமாட்டாங்க, ஃபோனும் தண்ணிப் போத்தலும் போதும். ஃபோன்ல எந்த செட்டிங் வைக்கணும் எண்டு கைட்மாரே சொல்லித் தருவாங்க. தூண் கண்ணுக்குத் தெரியணுமெண்டா காத்துல தூசி இருக்கணும், எங்கட கைட் ஒரு பிடி மணல அள்ளி மேல வீசினார், அந்தரத்துல நிண்ட மாதிரி மணல் மின்னிச்சு, நான் ஃபோன எடுக்க மறந்துட்டன். கண்ணுக்குள்ள மணல் போகும், லென்ஸ் போடுறவங்க அண்டைக்குக் கண்ணாடியப் போட்டுட்டுப் போங்க.