சர்வதேசப் போட்டிக்கு முன் தெருநாய்களை அகற்றினாலும், அவை ஏன் மைதானத்துக்குத் திரும்பி வருகின்றன?

இதற்குக் காரணம் 'வெற்றிட விளைவு': ஓரிடத்து நாய்களை அகற்றினால், அங்கே உணவும் நிழலும் இருக்கும்வரை பக்கத்துத் தெரு நாய்கள் அந்த எல்லையைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எறும்புகளைத் துடைத்துக்கொண்டே இருப்பது போன்றதுதான் இது.

2025 அக்டோபரில் டெல்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் உலக மாற்றுத்திறனாளர் தடகளப் போட்டி நடந்தபோது, கென்யா, ஜப்பான் பயிற்சியாளர்கள் இருவரை நாய்கள் கடித்தன. விருந்தினராக வந்தவர்கள், வீரர்களைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் தடுப்பூசிக்காக மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது மிகவும் வேதனையானது. முன்னேற்பாடுகள் செய்தும், மைதானத்தை ஒட்டிச் சிலர் உணவு வைத்ததால் நாய்கள் மீண்டும் நுழைந்ததாக அமைப்பாளர்கள் கூறினர். எனவே, கடைசி வாரத்தில் நாய்பிடி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதைவிட, சுற்றுச்சுவரின் இடைவெளிகளை அடைப்பதும், உணவுக்கூடத்து எச்சிலை அன்றன்றே அகற்றுவதும், பல மாதங்களுக்கு முன்பே கருத்தடையைத் தொடங்குவதுமே பயன் தரும் என்பது என் கருத்து.

அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, விளையாட்டு வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை, அவற்றைக் கொல்வதற்கான அனுமதி என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள்; கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் வைக்க வேண்டும் என்பதே அந்த உத்தரவு.