இறால் ஏன் பாசியைத் தின்ன மறுக்கிறது?

கேள்வி: நீர்ச்செடி வளர்க்கும் இருபது லிட்டர் கண்ணாடித் தொட்டி. கண்ணாடி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அமானோ இறால் வாங்கி விட்டால் போய்விடுமா?

போகாது. கண்ணாடியில் கெட்டிப்பட்டுவிட்ட புள்ளிப்பாசியைச் சுரண்ட இறாலிடம் கருவி இல்லை. நீங்கள்தான் பிளேடு எடுக்க வேண்டும். தண்ணீரே பச்சையாகிவிட்டாலும் இறாலால் ஒன்றும் செய்ய முடியாது. செடியில் நூல் நூலாகத் தொங்கும் இழைப்பாசியும் இலைமேல் படியும் மெல்லிய படலமும்தான் அதற்கு விருந்து. ஜப்பானியத் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ 1980களில் இவற்றைப் பிரபலப்படுத்தியதால்தான் அவர் பெயர் இவற்றுக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் இறாலை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர் இல்லை.

இன்னொன்று, அமானோ ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும். உங்கள் தொட்டிக்கு, அதைவிடச் சிறிய சிவப்பு வகையான செர்ரி இறால் பத்து போதும். விளக்கு எரியும் நேரத்தை ஆறேழு மணி நேரமாகக் குறையுங்கள்.

கேள்வி: முதல் வாரம் விழுந்து விழுந்து பாசி தின்றவை, இப்போது சும்மா உட்கார்ந்திருக்கின்றன. கிழடாகிவிட்டனவா?

இல்லை, உங்கள் கை தாராளமாகிவிட்டது. ஒரு தீவனத் துண்டைப் போட்டுவிட்டு உற்றுப் பாருங்கள். அதுவரை இலையில் முன்கால்களின் சின்னஞ்சிறு கொடுக்குகளால் மாற்றி மாற்றிக் கொறித்துக்கொண்டிருந்த இறால், சட்டென்று நிறுத்தும், உணர்கொம்புகள் துடிக்கும், அடுத்த நொடி துண்டைக் கவ்விக்கொண்டு, மற்றவை பிடுங்காத மூலைக்கு நீந்தி ஓடிவிடும். மாவு உருண்டை கிடைக்கும்போது பாசியை யார் சீண்டுவார்கள்? நான்கு நாள் தீவனமே போடாதீர்கள். பட்டினியால் சாகாது, பாசியும் படலமும் இருக்கும் தொட்டியில் இறாலுக்கு எப்போதும் மேய்ச்சல் உண்டு. பிறகும் வாரத்துக்கு இரண்டு முறை, சில மணி நேரத்தில் தீரும் அளவு போதும்.

கேள்வி: காலையில் கண்ணாடிபோல ஓர் இறால் செத்துக் கிடந்தது. எண்ணினால் எண்ணிக்கை குறையவில்லை!

செத்தது இறால் அல்ல, அதன் பழைய சட்டை. தலைப்பகுதியும் முதுகும் சேரும் இடத்தில் பிளந்து, உள்ளே கூடாக இருக்கும். எடுத்து எறியாதீர்கள், தின்றுகொள்ளும். சட்டை உரித்த இறால் உடல் கெட்டிப்படும்வரை ஒளிந்துகொள்ளும். தேடிக் கலைக்க வேண்டாம். இந்தச் சமயங்களில் பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றுவதுதான் பெரிய ஆபத்து. பத்து முதல் இருபது சதவீதம் மாற்றினால் போதும்.

கேள்வி: அமானோ வயிறு நிறைய முட்டை சுமக்கிறது. குஞ்சு ஒன்றும் தென்படவில்லையே?

தென்படாது. இதன் இளம்புழுக்கள் வளர உப்புநீர் வேண்டும். நன்னீரில் சில நாட்களில் மடிந்துவிடும். தொட்டியிலேயே பெருக வேண்டுமென்றால் செர்ரிக்கு மாறுங்கள். அதன் குஞ்சு பிறக்கும்போதே அம்மாவின் நகலாக, இரண்டு மில்லிமீட்டரில் வெளிவரும்.

கேள்வி: தொட்டி அமைத்த மறுநாளே விட்டேன். எல்லாம் போயிற்று.

அவசரம். புதுத் தொட்டியில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதித்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.

கேள்வி: புதுச் செடி நட்ட அன்று இரவே இறால்கள் தடுமாறின. செடி விஷமா?

செடி அல்ல, செடியில் தெளித்த பூச்சிமருந்தாக இருக்கலாம். நானும் ஒருமுறை வாங்கிய செடிக்கட்டைக் குழாயில் காட்டி அலசிவிட்டு நட்டேன். மறுநாள் மாலை இறால்கள் மல்லாந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தன, பாதிகூட மிஞ்சவில்லை. அன்றிலிருந்து புதுச் செடிக்கு இரண்டு வாரம் வாளிவாசம், தினமும் தண்ணீர் மாற்றம். மீனுக்கான மருந்துகளிலும் செம்பு கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மீனைக் காப்பாற்றும் அளவே இறாலைக் கொன்றுவிடும்.

கேள்வி: மீன் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் செர்ரிக் குஞ்சுகள் காணாமல் போகின்றன.

ஃபில்டர் உறிஞ்சுகிறது. உறிஞ்சும் வாயில் ஸ்பான்ஜ் ஒன்றை மாட்டுங்கள். அதற்கு முன்னால் ஃபில்டரைத் திறந்து, உள்ளே உள்ள தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். என் ஃபில்டருக்குள் பதினொன்று உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தன.