எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய்) இருப்பவருக்கு இரவில் கால் விறைத்து இழுக்கிறது, தசையைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை போட்டும் அடங்கவில்லை. டோஸைக் கூட்டலாமா?

நீங்கள் எழுதியதில் மூன்று விஷயம் இருக்கிறது: படுத்ததும் கால் விறைத்து இழுக்கிறது, பாதம் எரிகிறது, பேக்லோஃபென் 10 மி.கி. மூன்று வேளை போட்டும் ஒரு வாரமாகத் தொந்தரவு கூடியிருக்கிறது. நான் முதலில் பிடித்துக்கொள்வது அந்த "ஒரு வாரமாக" என்பதைத்தான்.

அடங்கியிருந்த விறைப்பு திடீரென ஏறினால், மாத்திரையைக் கூட்டும் முன் உடம்பில் வேறெங்காவது கோளாறு இருக்கிறதா என்று தேடுங்கள். தசையை அடக்கி வைக்க மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் கட்டளை எம்.எஸ்.ஸில் பலவீனமாகிவிடுகிறது. அதனால் இடுப்புக்குக் கீழே சின்ன உறுத்தல் இருந்தாலும் கால் முறுக்கிக்கொள்ளும். முதல் சந்தேகம் சிறுநீர்த் தொற்று. உணர்ச்சி மங்கியவருக்கு நீர்க்கடுப்பே தெரியாமல் விறைப்பு மட்டும் கூடலாம். சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். அடுத்து மலச்சிக்கல், முழுதாகக் காலியாகாத சிறுநீர்ப்பை, சதைக்குள் வளரும் கால் நகம், படுக்கைப் புண், இறுக்கமான காலுறை. விரல் இடுக்குவரை விரித்துப் பாருங்கள்.

தொற்று இருந்தால் ஒரு எச்சரிக்கை. விறைப்புக்கு டைசானிடின் எடுப்பவர்கள் சிப்ரோஃப்ளாக்சசின் சேர்க்கவே கூடாது. ரத்தத்தில் டைசானிடின் பல மடங்கு ஏறி, பி.பி. இறங்கி மயக்கம் போட்டுவிடும். சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி எழுதித் தரும் மருந்து சிப்ரோஃப்ளாக்சசின் என்பதால், மருத்துவரிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, மாத்திரை போடும் நேரம். பேக்லோஃபென் சில மணி நேரம்தான் வேலை செய்யும். கடைசி வேளையை மாலை ஏழு மணிக்கே போட்டால், நள்ளிரவில் கால் இழுக்கும்போது அதன் பலம் தீர்ந்திருக்கும். அதே அளவைப் படுக்கப் போகும் நேரத்துக்குத் தள்ளலாமா என்று கேளுங்கள். பல சமயம் டோஸைக் கூட்டாமலே இரவு சமாளிக்க முடிகிறது. கூட்டுவதாக இருந்தால், வேளைக்கு 5 மி.கி. வீதம், குறைந்தது மூன்று நாள் இடைவெளி விட்டு ஏற்றுவது வழக்கம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு மருந்து உடம்பில் தேங்கும், அளவு குறைவாகவே இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: தீர்ந்துவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது. காய்ச்சல், மனக்குழப்பம், இல்லாதது தெரிவது, வலிப்புவரை போகும்.

விறைப்பை முழுக்க எடுத்துவிடவும் ஆசைப்படாதீர்கள். தசை பலவீனமாக இருக்கையில் அந்த விறைப்புதான் முழங்காலை நிமிர்த்திப் பிடித்து நிற்க வைக்கிறது. டோஸ் ஏறிய பிறகு கால் மடங்கி விழப் பார்த்தால், அளவு மிஞ்சிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீட்டல் பயிற்சியில் வேகம்தான் எதிரி. வேகமாக இழுக்க இழுக்க இந்தத் தசை எதிர்த்து இறுகும். படுக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி, முழங்கால் மடங்காமல் மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். கெண்டைக்கால் இறுகுவது தெரிந்ததும் அங்கேயே 30 முதல் 60 விநாடி நிறுத்துங்கள். அது தளர்வதை உணர்ந்த பிறகு இன்னும் கொஞ்சம். மூன்று முதல் ஐந்து முறை போதும். விட்டு விட்டு வெட்டி இழுக்கக் கூடாது. பாதம் தானாகத் துடிக்க ஆரம்பித்தால், உட்கார்ந்தபடி குதிகாலைத் தரையில் ஊன்றி, முழங்கால் மேல் கையால் அழுத்துங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். கால் நேராக விறைத்துக்கொண்டால், உதவி செய்பவர் முன்பாதத்தைப் பிடித்துத் தள்ள வேண்டாம், துடிப்பு கூடும். குதிகாலைத் தாங்கி, இறுக்கம் தளரும்வரை பொறுத்து, பிறகு முழங்காலை மடக்கட்டும். தூங்கும்போது ஒருக்களித்து, முழங்கால் மடக்கி, நடுவே தலையணை வைப்பது மல்லாந்து படுப்பதைவிட நல்லது.

பாத எரிச்சல் வேறு கணக்கு. அது நரம்பு வலி. பாராசிட்டமால் அதற்குப் பெரிதாகக் கேட்காது. காபாபென்டின், ப்ரீகாபலின், டுலாக்சடின், அமிட்ரிப்டிலின் போன்றவைதான் தருவார்கள். காபாபென்டின் இழுப்பையும் குறைப்பதால் உங்களுக்குப் பொருந்தலாம், ஆனால் பேக்லோஃபெனுடன் சேரும்போது தூக்கக் கலக்கம் கூடும். அமிட்ரிப்டிலின் மலச்சிக்கலையும் சிறுநீர் தேங்குவதையும் உண்டாக்கி, சுற்றி வந்து விறைப்பையே கூட்டிவிடலாம்.

ஓரிரு தசைகள் மட்டும் பிடிவாதம் பிடித்தால் அந்தத் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி உண்டு, சுமார் மூன்று மாதம் தாங்கும். கூடவே பிசியோதெரபி செய்தால்தான் பலன். இரண்டு காலும் மோசமாகி மாத்திரையும் ஒத்துக்கொள்ளாவிட்டால், தண்டுவட நீருக்குள் பேக்லோஃபெனைச் செலுத்தும் பம்ப் பற்றி நியூராலஜிஸ்ட்டிடம் பேசுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் அதை விறைப்பு என்று விட்டுவிடாதீர்கள். நடமாட்டம் குறைந்தவர்களுக்கு ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து இருக்கிறது. அந்தக் காலைப் பிடித்துவிடவோ நீட்டவோ வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.