டாக்டரம்மா பதில்கள்: மகன் பனிக்கண்டத்துக்குப் போகிறான்

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. என் மூத்த மகன் டீசல் மெக்கானிக். அண்டார்க்டிகாவில் இருக்கும் நம் தென்னாப்பிரிக்க ஆய்வு நிலையத்துக்கு ஓராண்டு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். டிசம்பரில் கேப் டவுனிலிருந்து கப்பல். குளிரில் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை. நீங்கள் அங்கே டாக்டராக இருந்தவர் என்று கோயிலில் சொன்னார்கள். போகச் சொல்லலாமா? ஒரு காமாட்சி விளக்கும், கறிவேப்பிலைக் கன்றும், மசாலாவும் கொடுத்தனுப்ப ஆசை.
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: தாராளமாகப் போகச் சொல்லுங்கள் அம்மா. அங்கே வெளிச்சம், சூடு, தண்ணீர் மூன்றும் ஜெனரேட்டரை நம்பித்தான் இருக்கின்றன. உங்கள் மகன் கையில்தான் மற்றவர்கள் உயிர்.

குளிரை நினைத்துப் பயப்படாதீர்கள். உங்கள் மகன் போகும் சானே 4 நிலையம் வெஸ்லெஸ்கார்வெட் என்ற பாறை முகட்டில் கால் ஊன்றி நிற்கிறது. பனிக்காற்று அடியில் புகுந்து போய்விடுவதால் கட்டடம் புதைவதில்லை. உள்ளே சாதாரணச் சட்டையோடு நடமாடலாம். வெளியே போகத் தேவையான உடுப்பெல்லாம் அவர்களே கொடுப்பார்கள்.

நான் அங்கே அதிகம் வைத்தியம் பார்த்தது வறட்சிக்குத்தான். காற்றில் ஈரமே இருக்காது. கட்டைவிரலில் நகத்தை ஒட்டித் தோல் வெடிக்கும். டீசலில் கை வைப்பவர்களுக்கு இன்னும் மோசம், ஒரு நட்டைத் திருகினாலே உயிர் போகும். வெந்நீரில் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெடிப்பின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து மேலே ஒரு சொட்டு சூப்பர் குளூ வைப்பேன். வலி அடங்கி வேலைக்குப் போய்விடுவார்கள். இரவில் வாசலின் தடவி, பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். வாசலின் டப்பாவை நிறையவே வாங்கிக் கொடுங்கள்.

அந்த வறட்சியால்தான் நெருப்புக்கும் அவ்வளவு பயம். பனியை மண்வெட்டியால் அள்ளி உருக்கும் தொட்டியில் கொட்டினால்தான் தண்ணீரே கிடைக்கும். தீப்பிடித்தால் ஓடி ஒதுங்கப் பக்கத்து வீடும் இல்லை. அதனால் எண்ணெய் விளக்கும் கற்பூரமும் வேண்டாம். விபூதியும் முருகன் படமும் போதும். கன்றும் கூடாது. அண்டார்க்டிகாவின் இயற்கையைக் காக்க 1991-இல் நாடுகள் கையெழுத்திட்ட மாட்ரிட் நெறிமுறைப்படி வெளியூர்ச் செடியை அங்கே இஷ்டத்துக்குக் கொண்டுபோக முடியாது. காலணி இடுக்கிலும் சட்டையின் வெல்க்ரோவிலும் ஒட்டியிருக்கும் புல் விதையைக்கூட எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மசாலா மட்டும் கைநிறையக் கொடுங்கள். குளிர்காலத்தில் தனிச் சமையல்காரர் கிடையாது, முறை வைத்துத்தான் சமைப்பார்கள். பச்சைக் காய்கறி தீர்ந்த பிறகு டின்னும் உறைந்த இறைச்சியும்தான். நம் டர்பன் கோழிக்கறி வைக்கத் தெரிந்தவனை அங்கே எல்லோரும் கொண்டாடுவார்கள். இப்போதே கற்றுக்கொடுங்கள்.

அப்புறம், நீங்கள் கவனமாக இருக்கவேண்டிய காலம் ஒன்று உண்டு. அங்கே டிசம்பர்தான் கோடை, ஜூன்தான் குளிர்காலம். கோடை முடிவில் கப்பல் பழைய குழுவை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். பத்துப் பேர் அளவில்தான் அங்கே மிஞ்சுவார்கள். அடுத்த கப்பல் மறுபடி டிசம்பர் வாக்கில்தான். மே மாதப் பின்பாதியில் மறையும் சூரியன் ஆடி பிறந்த பிறகுதான் எட்டிப் பார்க்கும். அதுவரை நண்பகலில் அடிவானம் கொஞ்சம் சிவக்கும், அவ்வளவுதான். தூக்கம் தடுமாறும். சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். ஒருவர் தேநீரைக் கலக்கும் கரண்டிச் சத்தம்கூட இன்னொருவருக்கு எரிச்சலாக இருக்கும். போனில் மகன் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டால் மனம் நோகாதீர்கள். வைட்டமின் டி மாத்திரையோடு, தினமும் ஒரே நேரத்தில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். தட்டை அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைத்தான் நான் கண்காணிப்பேன். ஜூன் 21 அங்கே குளிர்காலத்தின் நடுநாள். அன்று எல்லா நாட்டு நிலையங்களும் வாழ்த்து அனுப்பி விருந்து வைக்கும். அன்றைக்கு மனசு கொஞ்சம் தெளியும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். என்னோடு இருந்த ஒரு பையனின் பாட்டி குளிர்காலத்தில் காலமானார். அவன் அங்கே தனியாகக் கிடந்து வருந்துவானே என்று வீட்டார் மறைத்துவிட்டார்கள். ஊர் திரும்பிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. எத்தனையோ முறை போனில் "பாட்டி எப்படி இருக்காங்க?" என்று கேட்டவன் அவன். வீட்டாரை அவனால் மன்னிக்கவே முடியவில்லை. செய்தி தெரிந்திருந்தால் அழுதிருப்பான், நாங்கள் கூட இருந்திருப்போம். அதனால் கப்பல் ஏறுமுன்னே உட்கார்த்திவைத்துக் கேளுங்கள்: "வீட்டில் கெட்ட செய்தி வந்தால் உடனே சொல்லட்டுமா, நீ வரும்வரை வைத்திருக்கட்டுமா?" அவன் சொல்கிறபடி செய்யுங்கள். சொல்லச் சொன்னால் முதலில் நிலைய டாக்டரிடம் தெரிவியுங்கள், அவர் பக்கத்தில் இருக்கும்போது மகனிடம் பேசுங்கள்.

கேள்வி: தெற்குக் கடலில் நம் நாட்டு ஆய்வு நிலையம் இருக்கும் மாரியன் தீவில் வேலை செய்பவர்களுக்கும் இதே இருட்டா?
– ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இல்லை. அந்தத் தீவு 47 டிகிரி தெற்கை ஒட்டி இருப்பதால் குளிர்காலத்திலும் தினம் சூரியன் உதிக்கும். ஆனால் மழையும் காற்றும் ஓயாது, தரையெல்லாம் சேறு. இருட்டுக்குப் பயந்தவர்கள் மாரியனுக்கே விண்ணப்பிக்கலாம், நல்ல ரப்பர் பூட்ஸோடு.